ஸ்போர்ட் குவாட்: முன் சஸ்பென்ஷனில் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு 400 சிசி ஸ்போர்ட் குவாட் (மண்பாதையில் ஓட்டும் நாலு சக்கர பைக்) வாங்கியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து வார இறுதியில் ஓசூர் பக்கம் தோட்டத்துக்கு ஏற்றிப்போய் ஓட்டுகிறேன். என் எடை 61 கிலோ. முன்பக்கம் கல் மாதிரி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. ஒருவர் அகலமான ஏ-ஆர்ம் (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் A வடிவக் கை) போடச் சொல்கிறார், இன்னொருவர் வெளிநாட்டு ஷாக் போடச் சொல்கிறார். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

பதில்:

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்த ஒரு லட்சம் பேங்கிலேயே இருக்கட்டும். கேள்வியில் உங்கள் எடையைச் சொல்லியிருப்பது ரொம்ப நல்ல விஷயம், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு அது பணம் போன பிறகுதான் புரிந்தது.

நான் அல்சூரில் இருக்கிறேன். என்னுடையது சுசூகி இசட்400. கனகபுரா பக்கம் மாமாவின் தோட்டத்தில் ஓட்டுகிறேன். என் எடை 94 கிலோ. எனக்கும் கை வலித்தது. விசாரித்தபோது ஒரு கடைக்காரர், பக்கத்துக்கு 2 அங்குலம் நீளமான ஏ-ஆர்ம் செட் இருக்கிறது, அப்படியே போல்ட் போட்டால் போதும் என்றார். வாங்கிப் போட்டோம். ஹேண்டிலின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் கம்பியின் நீளம் பத்தவில்லை. ஹேண்டிலை முழுதாக ஒடித்தால் பிரேக் ஹோஸ் விறைத்துக்கொண்டது. அதையெல்லாம் சரிசெய்து ஓட்டினால் வண்டியின் மூக்கு முன்பைவிடத் தாழ்ந்து, சின்னக் குழிக்கே அடிதட்டியது. பழைய ஷாக் அப்படியேதான் இருந்தது. பிறகு ஏன்?

சிவாஜி நகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். வண்டியைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்து, "தம்பி, நீ எத்தன கிலோ?" என்றுதான் கேட்டார். அப்புறம் ஆர்மைக் காட்டி, "கடப்பாரை நீளமானா பாறை லேசா பெரளும்ல, அதேதான்" என்றார். ஷாக் பிடிக்கும் இடம் மாறாமல் ஆர்ம் மட்டும் நீண்டால், சக்கரத்துக்கு நெம்பும் பலம் கூடிவிடுகிறது. பழைய ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடுகிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சக்கரம் 2 அங்குலம் ஏறும்போது ஷாக் 1 அங்குலம் அமுங்குகிறது என்றால், சக்கரம் உணரும் ஸ்பிரிங் கடினம் பாதி அல்ல, கால் பங்கு. அந்த விகிதத்தை அதனாலேயே பெருக்க வேண்டும், பாதியில் பாதி கால். அதனால்தான் ஆர்மில் 2 அங்குலம் கூடினாலும் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆர்ம் ஒன்று, ஷாக் வேறொன்று என்று தனித்தனியாக வாங்கவே கூடாது. கனடாவின் எல்கா போன்ற ஷாக் கம்பெனிகள் ஆர்டர் எடுக்கும்போதே ஓட்டுபவர் எடை, ஓட்டும் விதம், எந்த ஏ-ஆர்ம் என்று கேட்பதும் இதற்காகத்தான்.

உங்களுக்கு என் பிரச்சினையின் நேர் எதிர் பிரச்சினை என்று நினைக்கிறேன். எனக்கு ஸ்பிரிங் மெலிது, உங்களுக்கு அது கடினம். வலி மட்டும் ஒன்றுதான்.

ஆனால் ஸ்பிரிங்குக்கும் முன்னால் டயரைப் பாருங்கள். ஸ்போர்ட் குவாட்டின் முன் டயருக்குக் காற்று சுமார் 4 முதல் 5 பி.எஸ்.ஐ. தான். பெட்ரோல் பங்க் காற்று மெஷின் கார், பைக்குக்கானது, அவ்வளவு குறைந்த அளவை ஒழுங்காகக் காட்டாது. அங்கே பையன் பழக்கத்தில் 20 வைத்து அனுப்பியிருப்பான். அப்படியானால் சஸ்பென்ஷன் பாதி வேலையைக்கூட செய்ய முடியாது, ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டுக்கு வரும். குறைந்த அழுத்தம் காட்டும் ஒரு கேஜும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பும் போதும்.

அடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் (ஆர்ம் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. இடம் வலமாக ஆடினால் டை ராட் முனை. செகண்ட் ஹேண்ட் வண்டி, செம்மண் தூசி, மழைச் சேறு எல்லாம் சேர்ந்தால் ஏ-ஆர்ம் புஷ் (ஆர்ம் ஃபிரேமில் சுழலும் இடத்தில் இருக்கும் குழாய்) இறுகியோ தேய்ந்தோதான் இருக்கும். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் தூக்கி விடுங்கள், தானாக விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் 'கல்' அங்கேதான் இருக்கிறது. பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத்தில் டெல்ரின் (கெட்டிப் பிளாஸ்டிக்) புஷ் கடைந்து வாங்கலாம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு முறை தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகும் கிரீஸ் ஏற்றுங்கள்.

இப்போது முக்கியமான அளவு. முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, சக்கர மையத்திலிருந்து நேர் மேலே ஃபிரேமில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கி விட்டு, வேறொருவரை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாக் (sag), அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி தாழும் அளவு. மொத்தச் சக்கரப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். என் வண்டியில் முன் பயணம் 8.5 அங்குலம், அதாவது 216 மி.மீ., அதனால் 65, 70 மி.மீ. சரியாக இருக்கும். உங்கள் எடைக்கு 30, 40 தான் வருகிறது என்றால் ஷாக் மேலிருக்கும் பிரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) தளர்த்துங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பிரீலோட் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் கடினத்தை அல்ல. வளையத்தை முழுக்கத் தளர்த்தியும் சாக் போதவில்லை என்றால் மெலிந்த ஸ்பிரிங் வேண்டும். அது ஒரு ஜோடி ஸ்பிரிங் செலவு மட்டுமே, ஷாக் செலவு அல்ல.

சாக் சரியான பிறகுதான், ஷாக் அமுங்கி எழும் வேகத்தை மாற்றும் கிளிக் திருகாணிகளைத் தொட வேண்டும். ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப எழுவதைக் கட்டுப்படுத்துவது) அதிகமாக இறுகியிருந்தால், அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் எழுந்து வருவதற்குள் அடுத்த அடி விழும். மெல்ல மெல்ல அமுங்கிப்போய்க் கடைசியில் விறைத்துவிடும். நீங்கள் சொல்லும் 'கல்' இதுவாகவும் இருக்கலாம். திருகாணியை முழுக்க மூடி, முன்பு இருந்த இடம் அங்கிருந்து எத்தனை கிளிக் என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி, ஒரு முறைக்கு இரண்டு கிளிக் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

ஷாக் எண்ணெய் மாற்றியதே இல்லையென்றால் ரீபில்ட் செய்யுங்கள். ஆனால் நைட்ரஜன் உள்ள ஷாக்கை நீங்களாகத் திறக்க வேண்டாம். டயரில் இருப்பதைப்போலப் பல மடங்கு அழுத்தம் உள்ளே இருக்கிறது. சரியான கருவி இருப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

வெளிநாட்டு ஷாக் எப்போது? இத்தனையும் செய்த பிறகு நீங்கள் வேகமாக ஓட்டத் தொடங்கி, நல்ல ஷாக் அரை மணியில் சூடாகித் தளர்ந்துபோவது தெரிந்தால் வாங்குங்கள். வெளிநாட்டிலேயே ஜோடி ஆயிரம் டாலரைச் சுற்றி வரும், மேலே கூரியரும் சுங்க வரியும் இருக்கிறது. ஒரு லட்சம் போதாது.

அகல ஆர்ம் உங்களுக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வளைவில் வண்டி சாயாமல் இருக்கவும், திறந்த மோட்டோகிராஸ் டிராக்குக்கும் நல்லது. தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே போகிறவருக்கு அகலம் தொந்தரவு. என் வண்டி சுமார் 46 அங்குலம். 2 அங்குல ஆர்ம் போட்டதும் 50 ஆகிவிட்டது. மாமாவின் தைலமரத் தோப்பில் முன்பு சுலபமாக நுழைந்த சந்துகளில் இப்போது நின்று பார்த்துத்தான் நுழைகிறேன். மலிவு என்று வீல் ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் வளையம்) மட்டும் போட்டு அகலப்படுத்தாதீர்கள். சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து டயர் இன்னும் தள்ளிப் போகும், கல்லில் மோதும்போது ஹேண்டில் உதறுவது கூடும், பேரிங் சுமையும் கூடும். ஏற்கெனவே மணிக்கட்டு வலிக்கிறது உங்களுக்கு.

எதை மாற்றினாலும், நீங்கள் மேலே உட்கார்ந்திருக்கும்போதே முன்சக்கரங்களின் டோ அளவைப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கு இடையேயான தூரம், பின் விளிம்பில் இருப்பதைவிட முன் விளிம்பில் 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்கட்டும். ஒரு டேப்பும் ஒரு நண்பரும் போதும். டயர் காற்றையும் சாக்கையும் இந்த வாரமே அளந்து, எத்தனை மி.மீ. வந்தது என்று எழுதுங்கள். ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா என்று சேர்ந்து பார்க்கலாம்.