‘சாதாரண’ சிப்பாய் யார்?

கேள்வி: போரில் தளபதிகள் திட்டம் போடுகிறார்கள், மற்றவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார்கள். அப்படியிருக்க, ஒரு சாதாரண சிப்பாய்க்கு வெற்றி தோல்வியில் என்ன பெரிய பங்கு இருந்துவிட முடியும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கேள்வியில் ‘சாதாரண’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தளபதிக்கு முன்னால் ‘மாபெரும்’ வந்து நிற்பதும் சிப்பாய்க்கு முன்னால் ‘சாதாரண’ வந்து நிற்பதும் நமக்குப் பழகிப்போய்விட்டது. சரி, அப்படி ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டம், தாமுப்பூர் கிராமம். தையல் தொழில் செய்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை அப்துல் ஹமீது 1954இல் ராணுவத்தில் சேர்ந்தார். 4வது கிரனேடியர்ஸ் பட்டாலியனில் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் ஐந்து ஆண்டு வேலை. பிறகு பதவி உயர்வு வந்து, கம்பெனியின் குவார்ட்டர்மாஸ்டர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஹவில்தார் ஆனார். சிப்பாய்களுக்குச் சற்று மேலே, அதிகாரிகளுக்குக் கீழே உள்ள பதவி அது. சாமான்களை வரவு வைத்து, வினியோகித்து, கணக்கு எழுதும் வேலை. உங்கள் கணக்கில் இவரைவிடச் சாதாரணமானவர் யார் இருக்க முடியும்?

1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு, அமெரிக்க பேட்டன் டாங்கிகளுடன் உள்ளே வந்தது. முதல் மோதலில் பலத்த அடி வாங்கிய நம் 4வது மலைப்படைப் பிரிவு, அசல் உத்தர் என்ற கிராமத்தை ஒட்டிப் பின்வாங்கி, லாட வடிவில் நிலைகொண்டது. கால்வாய்களை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆள் உயரக் கரும்புக்குள் நம் டாங்கிகள் மறைந்து நின்றன. சேற்றில் திணறிய பேட்டன்கள் வரிசையாக அடிபட்டன. இந்தியத் தரப்புக் கணக்குப்படி 97 டாங்கிகள். மலைப்படைப் பிரிவை நடத்திய மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்குக்கும் டாங்கிப் படையை நடத்திய பிரிகேடியர் தியோகராஜுக்கும் அதில் உரிய பெருமை உண்டு. அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் டாங்கி கண்ணெதிரே வந்துவிட்ட பிறகு நடந்ததைப் பாருங்கள். பட்டாலியனில் ஆர்.சி.எல். எனப்படும் பின்னுதைப்பு இல்லாத பீரங்கியை ஹமீது அளவுக்குக் குறி தவறாமல் சுடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால், ஸ்டோரிலிருந்து அவரைத் திரும்ப அழைத்திருந்தார்கள். 106 மில்லிமீட்டர் பீரங்கி அது. திறந்த ஜீப்பின் மேல் பொருத்தியிருக்கும். ஜீப்புக்குக் கவசம் கிடையாது. சுட்டால் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சுட்ட கையோடு இடம் மாறியாக வேண்டும். டாங்கியை எவ்வளவு கிட்டத்தில் வரவிடுவது, எந்த நொடியில் சுடுவது, எந்தப் பக்கம் ஓடுவது? இவ்வளவையும் முடிவு செய்தவர் அந்த ஹவில்தார்தான். மேலிடத்தைக் கேட்டுவிட்டு வர அங்கே நேரமில்லை. முன்னால் வந்த டாங்கியை அடித்தார், இடம் மாறினார், இன்னொன்றை அடித்தார். எதிரி அவரைக் கண்டுகொண்டு குண்டு மழை பொழிந்தபோதும் நிறுத்தவில்லை. செப்டம்பர் 10ஆம் தேதி ஒரு டாங்கி குண்டுக்கு இரையானார். இறப்புக்குப் பின், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா.

கட்டளைக்குக் கீழ்ப்படிவது சிப்பாயின் கடமை, உண்மைதான். ஆனால் கட்டளை போய்ச் சேராத இடத்தில் என்ன செய்கிறான் என்பதில்தான் ஒரு படையின் தரம் தெரியும்.

நம் பழைய ஆட்களுக்கு இது புரிந்திருந்தது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில், ஆடுமாடு காக்கப் போய் விழுந்தவனின் பெயரும் அப்போதைய அரசனின் ஆட்சியாண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்ற நாயின் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதினார்கள்! நம் பள்ளி வரலாற்றுப் பாடங்களில் அரசன் மட்டுமே போருக்குப் போகிறான், அவனே ஜெயிக்கிறான். இந்தப் பாடங்களைப் பற்றி நான் பல காலமாகச் சண்டை போட்டு வருகிறேன், இனியும் போடுவேன். டெல்லியில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களோடு தேசியப் போர் நினைவகம் திறக்க 2019 வரை ஆனது.

அப்புறம், படைகளுக்குக் குறுகிய காலத்துக்குச் சிப்பாய்களை எடுக்கும் அக்னிபத் திட்டம். 2022இல் இதே பக்கத்தில் அந்தத் திட்டத்தை எதிர்த்து எழுதினேன். வந்த கோபக் கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. என் கருத்து மாறவில்லை. பயிற்சியையும் சேர்த்து நான்கே ஆண்டு. நூற்றில் 25 பேர் வரைதான் தொடரலாம், மற்றவர்கள் வீட்டுக்கு. படையின் சராசரி வயதை 32இலிருந்து 26ஆக இறக்குவதே நோக்கம் என்றார்கள். அசல் உத்தரில் ஹமீதுக்கு வயது 32. சேர்ந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நான்காவது ஆண்டில் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த ஜீப்பில் யார் இருந்திருப்பார்கள்?

கார்கிலில் பரம்வீர் சக்ரா வாங்கிய யோகேந்திர சிங் யாதவுக்கு 19 வயதுதானே என்று உடனே எழுதுவீர்கள். இளைஞனுக்கு வீரம் குறைவு என்று நான் சொல்லவே இல்லை. ஒரு ஆயுதத்தைக் கையும் கண்ணும் தானாக ஆளும் அளவுக்குப் பழக ஆண்டுகள் வேண்டும். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க மூத்த ஹவில்தார்கள் வேண்டும். அவர்கள் நான்கு ஆண்டில் விளைவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஹமீதின் மனைவி ரசூலன் பீபி 2019 வரை வாழ்ந்தார். கணவர் போய் 54 ஆண்டு. அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவரை அக்னிவீரர் என்கிறார்கள். பணியில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்குக் காப்பீடும் மொத்தத் தொகையும் உண்டு, ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. எல்லையில் ஒரே பதுங்குகுழியில் ஒரு வழக்கமான சிப்பாயும் ஒரு அக்னிவீரரும் இறந்தால், முன்னவரின் மனைவிக்கு ஆயுளுக்கும் ஓய்வூதியம், பின்னவரின் மனைவிக்கு இல்லை. இதை மாற்றச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ‘சாதாரண’ என்ற சொல் வேண்டாம்.