பெண்கள் கல்லூரிகளில் ரைபிள் சுடும் அணி இருந்ததுண்டா? சேலம் பக்கம் யாராவது சுட்டிருக்கிறீர்களா?

இருந்தது, இப்போதும் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தபோது நானும் அதில் ஒருத்தி. ஆனால் அணி என்றதும் பிளேசர், கோச், கண்ணாடி அலமாரியில் கோப்பை என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கென்று சொந்தமாக ஒரு துப்பாக்கி கிடையாது. எல்லாம் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படையின் சொத்து. பட்டாலியன் ஆயுத அறையில் பூட்டியிருக்கும். கையெழுத்துப் போட்டு வெளியே வரும், எண்ணிப் பார்த்து உள்ளே போகும்.

நம் ஊர்க் கல்லூரிப் பெண்கள் கையில் ரைபிள் வந்த கதையே என்.சி.சி. கதைதான். படை தொடங்கியது 1948-ல். அடுத்த வருஷமே பெண்கள் பிரிவு வந்துவிட்டது. தேசிய ரைபிள் சங்கம்கூட அதற்குப் பிறகுதான், 1951-ல், மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் முன்னின்று ஆரம்பித்தது. மாவ்லங்கர் துப்பாக்கி சுடும் போட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது அவர் பெயரில்தான். ரைபிள் கிளப் பக்கம் போக வேண்டுமென்றால் லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி, தோட்டாச் செலவு என்று வசதி வேண்டும். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண்ணும் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் வீட்டுப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுட முடிந்தது காக்கி போட்டதால் மட்டும்தான்.

என்னைக் கேட்டால், ஒரு பெண்கள் கல்லூரி அணியின் வரலாற்றை மெடல் கணக்கில் தேடக் கூடாது, தோட்டாக் கணக்கில் தேட வேண்டும். எவ்வளவு தோட்டா ஒதுக்கினார்களோ அவ்வளவுதான் அணி. எங்களுக்குக் கொடுத்தது பாயிண்ட் டூ டூ ரைபிள், 5.6 மில்லிமீட்டர் குண்டு. ஒரு முறை படுத்தால் ஐந்து ரவுண்டு. அடுத்த ஐந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, கேம்ப் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். சுட்டு முடித்ததும் காலி கேஸை, அதாவது தோட்டாவின் வெற்று உறையை, பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை ஒரு கேஸ் குறைந்துபோய், கேம்ப் மொத்தமும் வெயிலில் குனிந்து மண்ணைச் சலித்தோம். கடைசியில் ஒரு பெண்ணின் மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் இருந்தது.

தோட்டா இல்லாத நாட்களில் என்ன செய்வது? சுடாமலே சுடப் பழகுவோம். குழல் முனையில், முன்பக்கக் குறிமுள்ளுக்குப் பின்னால், ஒரு பத்துப் பைசாவை வைப்பார் ஹவில்தார். டிரிக்கரை இழுக்கும்போது அது விழக் கூடாது. "விரலை இழுக்காதம்மா, அமுக்கு. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது" என்பார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெல்ல அமுக்க வேண்டும். வெடிக்கும் என்று தெரிந்தால் தோள் தானாகச் சுருங்கும், கண் மூடும், குண்டு எங்கோ போகும். இடது கண்ணை மட்டும் மூடத் தெரியாதவர்கள் கேப்புக்கு அடியில் கைக்குட்டையைத் தொங்கவிட்டு அந்தக் கண்ணை மறைத்துக்கொள்வார்கள். பேரேடுக்குக் கையில் கொடுப்பது மட்டும் பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள், கிட்டத்தட்ட நான்கு கிலோ. அதைத் தூக்கிப் பழகிய கைக்கு பாயிண்ட் டூ டூ ஒன்றுமே இல்லை.

ரேஞ்ச் மலையடிவாரத்தில். 25 கெஜத்தில் டார்கெட், பின்னால் மண்மேடு. புதிதாகச் சுடுகிறவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம்: முதலில் நடுப்புள்ளியில் பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்றுதான் அளப்பார்கள். குரூப்பிங் என்று பெயர். ஐந்தும் ஓர் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கியிருந்தால் நல்ல கை, குறியைத் திருத்திவிடலாம். ஒன்று நடுவில், மற்றது நாலாபக்கமும் என்றால், நடுவில் பட்டது அதிர்ஷ்டம். தேர்வு இப்படித்தான் நடந்தது. கல்லூரியில் வாய் திறக்காத பெண்கள்தான் பெரும்பாலும் தேறினார்கள். நன்றாகக் கத்தி டிரில் சொன்னவர்கள் ஃபயரிங்கில் தடுமாறினார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்கு ஒரு கணக்குப் பிடிபடவில்லை.

அணி நிலைக்காததற்குக் காரணம் எளிது. முதல் வருஷம் பழகி, இரண்டாம் வருஷம் கை நிதானப்பட்டு, மூன்றாம் வருஷம் ஜாதகம் வெளியே எடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் பத்துப் பைசாவிலிருந்து ஆரம்பம். பயிற்சிக்கு வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதம் வாங்குவது டார்கெட்டை அடிப்பதைவிடக் கஷ்டம்.

உலக அளவிலும் கதை ரொம்ப மாறுபட்டதல்ல. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சுட்டார்கள். அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், சக வீரர் லானி பாஷமோடு ஒரே புள்ளி எடுத்தார். கடைசிச் சுற்றுகளை ஒப்பிட்டுப் பார்த்து அவருக்கு வெள்ளி என்றார்கள். பாஷம் அவரைக் கைபிடித்துத் தன்னோடு மேல்படியில் ஏற்றிக்கொண்டார். 1984-ல்தான் பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது. வந்தும் என்ன, காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40. 2018-ல்தான் அதைச் சமமாக்கினார்கள். தோட்டா ரேஷன் எங்களுக்கு மட்டும் இல்லை பாருங்கள்!

தமிழ்நாட்டில் ஒரு பெண்கள் கல்லூரி மாணவி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ரூபா உன்னிகிருஷ்ணன் இருக்கிறார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர், 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம். ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில்.

சேலத்தில் இப்போது கல்லூரி சேரப்போகும் பெண் கேட்கிறாள் என்றால்: முதல் வருஷம் தொடங்கியதுமே என்.சி.சி.க்குப் பெயர் கொடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் வருஷம் போதாது. பி சான்றிதழுக்கு இரண்டு வருஷம், சி-க்கு மூன்று வருஷம். சி-யில் குறைந்தது பி கிரேடு இருந்தால் ராணுவத்தில் சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது, தேர்வானால் நேரே எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணல், அதிலும் மருத்துவத்திலும் தேறினால் சென்னை பரங்கிமலையில் பயிற்சி. போட்டியாகவே சுட ஆசை என்றால் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஆரம்பிப்பது நல்லது. பத்துப் புள்ளி வட்டம் அதில் அரை மில்லிமீட்டர்தான், குரூப்பிங் கைக்கு வந்த பெண்ணுக்கு அது பயமாகத் தெரியாது. கண்ணாடி போட்டிருந்தாலும் சுடலாம். எங்கள் அணியில் நன்றாகச் சுட்டவளே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரிதான்.