பிரசவ வார்டில் கை சுத்தம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. தாயும் பிள்ளையும் எங்களை நம்பி வாசல் ஏறி வருகிறார்கள். நோய்த்தொற்று இல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் கடமை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியே இருந்தது எனக்கு மகிழ்ச்சி.

எனக்குத் தலைப்பிரசவம், எட்டாம் மாதம். பரிசோதிக்க வருகிறவர்களிடம் "கை கழுவினீங்களா" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? (வாசகி, திருமங்கலம்)

கேளுங்கள் அம்மா. யாராவது ஒருவர் முகம் சுளிக்கலாம், அதற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில் முதலாவது. அதை நினைவூட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் வலி வந்தபிறகு இதையெல்லாம் கேட்க உங்களுக்குத் தெம்பு இருக்காது. கூட இருக்கப்போகும் அம்மாவிடமோ அத்தையிடமோ இப்போதே சொல்லிவையுங்கள். "சிஸ்டர், கைக்கு ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) போட்டுட்டுப் பாருங்க" என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலோர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. வலி நன்றாகப் பிடித்து, பிரசவம் இயல்பாக நகரும்போது, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை செய்தால் போதும். பனிக்குடம் உடைந்தபிறகு அடிக்கடி பரிசோதித்தால் கிருமி உள்ளே போகும் வாய்ப்பும் கூடும். அதற்குள் மறுபடியும் பார்க்க வந்தால், எதற்காக என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்கள்.

கையுறை போட்டுத்தான் எல்லாம் செய்கிறோம். அதற்கு மேலும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டுமா? தோல் வெடித்து எரிகிறது. (செவிலியர், மதுரை)

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதில், ஆமாம். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போதும் அழுக்கு கையில் பட்டுவிடும். எல்லாவற்றையும்விட, கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியம் ஆபத்தானது. தாயைத் தொட்ட அதே கையுறையோடு கட்டில் கம்பி, கேஸ் ஷீட், செல்போன், கடைசியில் குழந்தை என்று கை போய்க்கொண்டே இருக்கும். ஒரு வேலைக்கு ஒரு கையுறை. போடும் முன்பும் கழற்றிய பின்பும் கை சுத்தம்.

ஒவ்வொரு முறையும் சோப்பு தேவையில்லை. கையில் அழுக்கு தெரியாவிட்டால் ஆல்கஹால் ஹேண்ட்ரப்பை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ரத்தமோ பனிக்குட நீரோ பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. கிளிசரின் கலந்த ஹேண்ட்ரப், அடிக்கடி சோப்புப் போடுவதைவிடத் தோலுக்கு இதமானது. வெடிப்பு இருக்கும்போது முதலில் எரியத்தான் செய்யும். வெந்நீரில் கழுவாதீர்கள். கை நன்றாகக் காய்ந்தபிறகே கையுறை போடுங்கள். டியூட்டி முடிந்ததும் கிரீம் தடவுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் மூன்றையும் வார்டுக்கு வரும் முன்பே கழற்றிவிடுங்கள், அவற்றின் அடியில் கிருமி தங்கும்.

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்ததை நம் எல்லோருக்கும் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிணப் பரிசோதனை முடித்துவிட்டு அப்படியே பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களையும் மாணவர்களையும், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டு வரச் சொன்னார் அங்கே பணியாற்றிய டாக்டர் செம்மல்வைஸ். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமியால்தான் நோய் வருகிறது என்பதே நிலைநாட்டப்படாத காலம் அது. இன்று நமக்குக் காரணமும் தெரியும், வழியும் தெரியும்.

ஆனால் பழியை உங்கள் தலையில் மட்டும் போட நான் தயாராக இல்லை. வாஷ்பேசின் வராந்தாக் கோடியில் இருந்தால், கையில் ஐந்தாறு தாய்மாரை வைத்துக்கொண்டிருக்கும் செவிலியர் எத்தனை முறைதான் நடப்பார்? கட்டிலுக்குக் கட்டில் ஹேண்ட்ரப் பாட்டில் மாட்டச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சிறிய நர்சிங் ஹோம் நடத்துகிறோம். பெரிய செலவு முடியாது. எங்கிருந்து தொடங்குவது? (வாடிப்பட்டி)

மேலே சொன்ன ஹேண்ட்ரப் பாட்டிலிலிருந்து. கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் புழங்கும். தீர்ந்த பாட்டிலைக் கழுவிக் காயவைக்காமல் மேலேயே ஊற்றி நிரப்பாதீர்கள்.

அடுத்து தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் நாட்களில்கூட லேபர் வார்டு குழாய் நிற்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் குழாய் வைத்த மூடிபோட்ட டிரம்மை உயரத்தில் வையுங்கள். வாளியில் குவளை விட்டு மோந்து கழுவுவது வேண்டாம். எல்லோரும் துடைக்கும் ஒரே துண்டை இன்றே எடுத்துவிடுங்கள், கழுவிய கையை அது மறுபடி அழுக்காக்குகிறது. தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சோப்புக்கட்டியும் அப்படித்தான். சின்னத் துண்டாக வெட்டி, தண்ணீர் வடியும் தட்டில் வைக்கலாம்.

குப்பைக்கு 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாக இருக்கின்றன: நஞ்சுக்கொடியும் ரத்தம் பட்ட பஞ்சும் மஞ்சள் பையில், கையுறையும் டியூப்பும் சிவப்புப் பையில், ஊசிகள் மட்டும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். தனியார் பிரசவ மருத்துவமனைகளுக்கு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் 'மான்யதா' திட்டத்தில் 16 தரநிலைகள் உள்ளன. அதைப் பாருங்கள். அப்புறம், ரவுண்ட்ஸ் வரும் தலைமை டாக்டர் எல்லோர் கண்முன்னும் கை சுத்தம் செய்யட்டும். சுவரில் ஒட்டும் போஸ்டரைவிட அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பழகுவார்கள்.

பிரசவத்துக்கு முன் கட்டாயம் ஷேவிங் செய்ய வேண்டுமா? (வாசகி, சோழவந்தான்)

வேண்டாம். வழக்கமாக எல்லோருக்கும் செய்வதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. பிளேடு சின்னச் சின்னக் கீறல்களை உண்டாக்கும்.

பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க வேண்டும் என்று அப்பத்தா பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்வது? (மேலூர்)

நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சீனித்தண்ணீர் தொட்டுவைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசை அது. ஆசையை மதிக்கிறேன். ஆனால் பச்சைக் குழந்தையின் வாயில் விரல் வேண்டாம், சீனித்தண்ணீரும் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அப்பத்தாவைக் கை கழுவச் சொல்லி, தாயிடம் பால் குடித்து முடித்த பிள்ளையை முதலில் அவர் மடியில் கொடுங்கள். பல வீடுகளில் இதிலேயே மனம் நிறைந்துவிடுகிறது.

தொப்புள்கொடியில் மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். காற்றுப்படக் காயவிடுங்கள்.

பிள்ளை பார்க்க வேனில் வருகிறார்கள். எப்படி மறுப்பது? (அலங்காநல்லூர்)

"டாக்டர் திட்டுவாங்க" என்று எங்கள் மேல் பழியைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர், கை கழுவிவிட்டு. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாழ்த்தட்டும். கட்டிலில் உட்கார வேண்டாம், குழந்தையை முத்தமிடவும் வேண்டாம்.

சிசேரியன் ஆகி வீட்டுக்கு வந்திருக்கிறேன். லேசான காய்ச்சல். பால் கட்டியதால் என்கிறார்கள். காத்திருக்கலாமா? (உசிலம்பட்டி)

காத்திருக்காதீர்கள். பால் கட்டியும் காய்ச்சல் வரலாம், ஆனால் அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் சிவந்து வீங்குவது, சீழ் கசிவது, அடிவயிற்றில் வலி, உதிரப்போக்கில் துர்நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும், காய்ச்சல் இல்லாவிட்டாலும்கூட. பிரசவம் ஆகி 42 நாள் வரை இந்தக் கவனம் வேண்டும்.

குழந்தையையும் பாருங்கள். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது கொதிப்பது, வேகவேகமாக மூச்சு வாங்குவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது எல்லாம் அவசரம். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.