ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு இறங்குகிறது: கோளாறு மீட்டரிலா, எஞ்சினிலா?

கேட்டவரின் நிலைமை இது: முப்பது வருடப் பழைய கார், எஞ்சின் சூடானபின் சிக்னலில் நின்றால் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது, சத்தம் எதுவும் இல்லை, மெக்கானிக் எஞ்சினை இறக்கி பேரிங் மாற்றணும் என்கிறார், இவருக்கோ மீட்டர் மேல்தான் சந்தேகம்.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் மீட்டர் கெட்டது என்று கையோடு நிரூபிக்கிற வரைக்கும் முள் காட்டுவது நிஜம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பிரஷர் உண்மையிலேயே இல்லையென்றால் பேரிங் போக சில நிமிடம் போதும்.

முதலில் டிப் ஸ்டிக்கை (எஞ்சினில் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவி ஆயில் அளவு பாருங்கள். பார்த்துவிட்டு மோந்தும் பாருங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து முள்ளின் நடத்தை. நிஜமான பிரஷர் எஞ்சின் ஸ்டார்ட் ஆனபின் ஓரிரு நொடியில் ஏறும், ரேஸ் கொடுத்தால் கூடும், எஞ்சின் சூடாகச் சூடாக ஆயில் இளகி மெதுவாக இறங்கும். சாவியைப் போட்டதுமே, எஞ்சின் ஓடாமலே முள் மேலே குதித்தாலோ, பள்ளத்தில் விழும்போது துள்ளினாலோ, அது பெரும்பாலும் ஒயர் சமாச்சாரம். பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் சேர்ந்தே தப்பாகக் காட்டினால், எஞ்சினில் பிரஷரை உணர்ந்து மீட்டருக்குச் சொல்கிற யூனிட்டைத் தொடவே வேண்டாம். பல பழைய வண்டிகளில் மீட்டர்களுக்கெல்லாம் ஒரே ஸ்டெபிலைசரிலிருந்து கரண்ட் போகும் (பிரிட்டிஷ் வழி வந்தவற்றில் சுமார் 10 வோல்ட்), அதையும் டேஷ்போர்டு எர்த்தையும் பார்த்தால் போதும். உங்கள் வண்டியில் சூடானபின் ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் இறங்குகிறது என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, உண்மையான பிரஷர் குறைவும் அப்படித்தான் இருக்கும்.

மீட்டர் எந்த வகை என்று பின்னால் கைவிட்டுப் பாருங்கள். மெல்லிய குழாய் வந்தால் அது 1849-ல் பிரான்ஸில் போர்டோன் காப்புரிமை வாங்கிய அதே வளைந்த குழாய்தான், ஆயிலே மீட்டர் வரை வரும், மின்சாரத்துக்கு வேலையில்லை. குழாய் அடைப்போ கசிவோதான் பார்க்கணும். ஒயர் மட்டும் வந்தால் எலக்ட்ரிக். எஞ்சின் பிளாக்கில் ஒரு யூனிட் இருக்கும், உள்ளே ஆயில் ஒரு சவ்வைத் தள்ள, சவ்வு ரெசிஸ்டன்ஸை மாற்ற, முள் நகரும்.

எலக்ட்ரிக் என்றால் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டு (எஞ்சின் ஓடக்கூடாது), ஒயர் நுனியை எஞ்சின் இரும்பில் ஒரு நொடி தொடுங்கள். ஒரு நொடிதான், அதற்கு மேல் வைத்தால் சில மீட்டர்கள் எரிந்துவிடும். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நலம். அசையவே இல்லையென்றால் கோளாறு மீட்டர், ஒயர் பக்கம். இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: அமெரிக்க வகை யூனிட்டில் பிரஷர் இல்லாதபோது சுமார் 240 ஓம், முழுப் பிரஷரில் 33 ஓம், அதனால் எர்த் தொட்டால் முள் உச்சிக்குப் போகும். விடிஓ (ஜெர்மன் மீட்டர் கம்பெனி) வகை நேர் தலைகீழ், பூஜ்யத்தில் 10 ஓம், உச்சத்தில் 180 பக்கம், எர்த் தொட்டால் முள் கீழே விழும். யூனிட் மாற்றும்போது வகை மாறி வாங்கிவிட்டால் மீட்டர் ஆயுளுக்கும் உளறும்.

என் டீசல் ஜீப்பில் போடிமெட்டு ஏற்றத்தில் முள் படுத்துவிட்டது. ஓரங்கட்டி அணைத்துவிட்டு, கட்டியிழுத்துத்தான் கீழே கொண்டுவந்தேன். அங்கேயும் இதே தீர்ப்பு, எஞ்சினை இறக்கணும். வீட்டில் ஒயரை எர்த் தொட்டேன், முள் உச்சிக்குப் போனது. சரி, மீட்டர் நலம். மல்டிமீட்டரில் யூனிட்டின் உடம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே அளந்தால், பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய ஓம், கையால் ஒயரை ஆட்ட ஆட்ட ஏறி இறங்குகிறது. கழற்றிப் பார்த்தால் மரை முழுக்க வெள்ளை டெஃப்லான் டேப், கசியக்கூடாது என்று குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி ஏழெட்டுச் சுற்று. இந்த யூனிட்டுக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான். சுற்றிய புண்ணியவான் நான்தான், ஆறு மாதம் முன்னால்.

அதற்காக உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். யூனிட்டைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை (ஒயர் இல்லாமல் ஆயில் பிரஷரை நேரடியாகக் காட்டும் மீட்டர்) மாட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பல வண்டிகளில் மரை 1/8 அங்குலம்தான், ஆனால் என்பிடி, பிஎஸ்பி என்று வகை வேறுபடும், பொருந்தாததை முறுக்கிப் பிளாக்கைக் கெடுத்துவிடாதீர்கள். நன்றாகச் சூடேற்றி ஐடிலில் பாருங்கள், அப்புறம் ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி. இந்தக் கேஜ் இல்லாமல் எஞ்சினை இறக்கச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், யூனிட் மாற்றினால் போதும் என்கிறவரையும்தான்.

ஏனென்றால் எங்கள் மாமா கதை நேர் எதிர். அவருடைய பழைய பெட்ரோல் காரில் முள் இறங்கியதும் எல்லோரும் மீட்டர் மேல் பழி போட்டு இரண்டு தடவை யூனிட் மாற்றினார்கள். கேஜ் மாட்டிப் பார்த்தால் சூடான ஐடிலில் ஐந்து பிஎஸ்ஐகூட இல்லை. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, விரலில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, பெட்ரோல் வாடை. எஞ்சினோடு ஒட்டிய பெட்ரோல் பம்ப்பின் சவ்வு கிழிந்து, பெட்ரோல் உள்ளே ஆயிலோடு கலந்துகொண்டிருந்திருக்கிறது. "ஆயில் குறையாத வண்டி என்னுது" என்று மாமா ஆறு மாதமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பம்ப், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றியதும் பிரஷர் திரும்பியது, பேரிங்குக்கு வேலை வரவில்லை.

உங்கள் டிப் ஸ்டிக் என்ன வாடை அடிக்கிறது, ஒயரை எர்த் தொட்டால் முள் எந்தப் பக்கம் போகிறது, இரண்டையும் பார்த்துவிட்டு கீழே எழுதுங்கள்.