ஆறு, ஏழு, எட்டில் உடையும் குரல்: கேள்வி பதில்

எனக்கு ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா, அதாவது பேசும்போது குரல் நாண்கள் இசிந்து பேச்சை அறுக்கும் நோய், வந்து 16 வருஷம் ஆகிறது. நான் மருத்துவர் இல்லை. இத்தனை வருஷத்தில் படித்ததும் பட்டதும்தான் என் கையிருப்பு. வந்த கேள்விகளைச் சுருக்கி, என் பதிலோடு தருகிறேன்.

அக்கா, எட்டு மாதமாகப் பேச்சு நடுவில் நடுவில் அறுந்துபோகிறது. பாட்டு மட்டும் பிசிறில்லாமல் வருகிறது. ஈஎன்டி மருத்துவர் கேமரா வைத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்றார். வீட்டில் நடிக்கிறேன் என்கிறார்கள்.

பாட வருவது, சிரிக்க வருவது, ரகசியம் பேச வருவது, சாதாரணமாகப் பேச மட்டும் வராதது: இந்த நோயின் முகமே இதுதான். அதனால்தான் நடிப்பு என்ற பட்டமும் கிடைக்கிறது. குரல் நாண்களில் கட்டியோ புண்ணோ இருக்காது. பழுது இருப்பது, அந்தத் தசைகளுக்கு உத்தரவு போடும் மூளைப் பகுதியில். எழுத உட்கார்ந்தால் மட்டும் விரல் இழுத்துக்கொள்ளும் எழுத்தாளர் இசிவு தெரியுமா? அந்தக் குடும்பம்தான் இது. டிஸ்டோனியா என்பார்கள். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது, பெண்களுக்கு அதிகம்.

உங்களுக்குக் கேமரா வாய் வழியாகப் போனதா, மூக்கு வழியாகவா? நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாய் வழியாகப் பார்த்தால் நம்மால் "ஈ..." என்று மட்டும்தான் சொல்ல முடியும். இழுத்துச் சொல்லும் ஒற்றை ஒலியில் இந்த நோய் ஒளிந்துகொள்ளலாம். மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாய் விட்டு, வாக்கியங்களைப் பேசச் சொல்லிப் பார்த்தால்தான் நாண்கள் திடுக்கென்று இறுகுவது தெரியும். குரல் சிகிச்சையில் பழகிய ஈஎன்டி மருத்துவரும் ஸ்பீச் தெரபிஸ்டும் சேர்ந்து உட்கார்ந்து காதால் கேட்டு முடிவு செய்கிற நோய் இது. ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இதைக் காட்டாது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். "ஆறு, ஏழு, எட்டு" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மூன்றும் உயிரெழுத்தில் தொடங்குபவை. பிறகு "பத்து, பத்து, பத்து". முதல் வரிசையில் குரல் நெரிபட்டு அறுந்து, இரண்டாவதில் கொஞ்சம் லேசாக வந்தால், அது நாண்கள் இறுக மூடிக்கொள்ளும் வகையாக இருக்கலாம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த வகைதான். மாறாக, "பக்கத்து, கப்பல், தட்டு" போன்ற சொற்களில் காற்று புஸ்ஸென்று கழன்று குரல் காணாமல் போனால், நாண்கள் திறந்துகொள்ளும் வகை. இதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். போனில் பதிவு செய்து மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். மருத்துவர் அறையில் குரல் நல்லபிள்ளையாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் அனுபவம்.

டென்ஷன் பற்றி: பதற்றம் இதைக் கூட்டும், ஆனால் உண்டாக்காது. 1871இல் லூட்விக் டிராவ்பே என்ற ஜெர்மானிய மருத்துவர் முதன்முதலாக இதை விவரித்தபோதே "நரம்புத் தளர்ச்சி" முத்திரை குத்திவிட்டார். அது உதிர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. எனக்கும் முதல் மூன்று வருஷம் தூக்க மாத்திரைதான் கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினேன், குரல் அப்படியேதான் இருந்தது.

ஆசிரியை நான். வாரக் கடைசியில் குரல் கரகரத்து அடைத்துவிடுகிறது. நாண்களில் நாடியூல் என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் கதை வேறு. நாடியூல் என்பது காய்ப்பு, அவ்வளவுதான். கையில் மண்வெட்டி பிடித்தால் காய்க்கிறதல்லவா, அதுபோல. பெண்கள் பேசும்போது நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. நிமிடத்துக்கு 12,000. கத்திப் பேசினால் மோதலின் வேகமும் கூடும். எங்கே காய்க்காமல் இருக்கும்?

நாடியூலுக்கு முதல் சிகிச்சை கத்தி இல்லை, குரல் பயிற்சி. பேசும் முறையை மாற்றாமல் வெட்டி எடுத்தால் திரும்ப வளரும். வகுப்புக்குச் சின்ன மைக் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தொண்டையை "ஹ்ம்ம், ஹ்ம்ம்" என்று செருமும் பழக்கத்தை விடுங்கள், ஒவ்வொரு செருமலும் நாண்களுக்கு ஓர் அறை. செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர். குரலுக்கு ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள். அழுத்திக் கிசுகிசுத்தால் பலருக்குத் தொண்டை இன்னும் இறுகுகிறது. ஓய்வு என்றால் வாயை மூடிக்கொள்வதுதான்.

அப்பாவுக்கு 62 வயது. புகைப்பவர். இரண்டு மாதமாகக் குரல் கம்மிவிட்டது. சளி என்கிறார்.

சளிக்கு இரண்டு மாதம் ஆகாது. குரல் மாறி 4 வாரத்தில் சரியாகவில்லை என்றால் யாராக இருந்தாலும் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். புகைப்பவர் என்றால் அதுவரையும் காத்திருக்கக் கூடாது. விழுங்க வலி, காதுவரை இழுக்கும் வலி, கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், மூச்சுத் திணறல் எதுவும் இருந்தால் இன்னும் அவசரம். குரல் நாணில் வரும் புற்று குரலைத்தான் முதலில் தொடும், அதனாலேயே சீக்கிரம் கண்டுபிடித்துக் குணப்படுத்த முடிகிறது. இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

போடாக்ஸ் ஊசி போடச் சொல்கிறார்கள். அது விஷம்தானே? கழுத்தில் ஊசி என்றாலே நடுங்குகிறது.

விஷம்தான். கெட்டுப்போன உணவில் வளரும் பாக்டீரியாவின் நஞ்சு. நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை அது தடுத்துவிடுகிறது. குரலுக்குப் போடும் அளவு மிகச் சிறியது, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றிரண்டு யூனிட். 1984இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் இந்த நோய்க்கு முதலில் போட்டார். இன்றைக்கும் முதன்மைச் சிகிச்சை இதுதான்.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். படுக்கவைத்துக் கழுத்துக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சங்குக்குக் கீழே விரலால் தடவி ஒரு பள்ளத்தைத் தேடுவார் மருத்துவர். ஊசியோடு ஒரு கம்பி, அது தசையின் மின்துடிப்பைச் சத்தமாக்கிக் காட்டும் இஎம்ஜி கருவிக்குப் போகும். ஊசி உள்ளே போனதும் இருமல் முட்டும், அடக்க வேண்டும், இருப்பதிலேயே கஷ்டம் அதுதான். "ஈ சொல்லுங்கம்மா" என்பார். சொன்னதும் கருவியில் தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி சடசடவென்று சத்தம் ஏறும். தசைக்குள் இருக்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மருந்தை விட்டு எடுத்துவிடுவார். மொத்தம் சில நிமிடங்கள்.

முதல் இரண்டு நாள் மாற்றம் தெரியாது. பிறகு ஒன்றிரண்டு வாரம் காற்றுக் குரல்; தண்ணீர் புரையேறும். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு சிறு மிடறாகக் குடித்தால் எனக்குச் சமாளிக்க முடிகிறது. அப்புறம் சுமார் மூன்று மாதம் குரல் நம்முடையது. மெல்ல மெல்ல இறுக்கம் திரும்பும், மறுபடி ஊசி. ஊசி போட்ட தேதி, அளவு, எத்தனை நாள் காற்றுக் குரல், எத்தனை நாள் நல்ல குரல் என்று குறித்துவையுங்கள். என் சரியான அளவைக் கண்டுபிடிக்க நான்கு ஊசி ஆனது; நோட்டு இல்லாவிட்டால் பத்து ஆகியிருக்கும். கர்ப்பமாக இருந்தாலோ, மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திறந்துகொள்ளும் வகைக்கு ஊசி போட வேண்டிய தசை குரல்வளையின் பின்பக்கம் இருப்பதால் எட்டுவது கடினம், பலனும் கொஞ்சம் குறைவு.

நிரந்தரமாகத் தீர்க்க அறுவை சிகிச்சை இல்லையா?

1970களின் நடுவில் ஹெர்பர்ட் டீடோ என்ற அறுவை மருத்துவர் குரல்வளை நரம்புகளில் ஒன்றை வெட்டிப் பார்த்தார். உடனே நல்ல பலன், ஆனால் சில வருஷங்களில் பலருக்கு இசிவு திரும்பிவிட்டது. இப்போது இறுக்கும் தசைக்குப் போகும் கிளையை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் வேறு நரம்பை இணைக்கும் முறை உண்டு. குருத்தெலும்பைப் பிளந்து நாண்களைச் சற்று அகட்டிவைக்கும் இஷிகி முறையும் உண்டு. சிலருக்கு அருமையாக அமைகிறது. குரல் காற்றாகவே நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஊசி மூன்று மாதத்தில் கலையும், கத்தி கலையாது. நான் ஊசியோடு நின்றுவிட்டேன்.

எனக்கு 19 வயது. இன்னும் சின்னப் பையன் குரல். போனில் எல்லோரும் "மேடம்" என்கிறார்கள். ஹார்மோன் குறைபாடா?

தம்பி, மீசையும் மற்ற வளர்ச்சியும் வயதுக்கேற்ப வந்திருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் இல்லை. ஒரு முறை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். குரல்வளை வளர்ந்துவிட்டது, பழைய உயரத்திலேயே பிடித்துப் பேசும் பழக்கம் மட்டும் போகவில்லை. பியூபர்ஃபோனியா என்று பெயர். இங்கே கேட்டவர்களிலேயே அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். இருமிப் பாருங்கள், அந்த இருமலில் கனமான குரல் ஒன்று கேட்கிறதா? அதுதான் உங்களுடையது. சங்கை மெல்ல அழுத்தியும், இருமலை நீட்டியும் அதை வெளியே கொண்டுவர ஸ்பீச் தெரபிஸ்டுக்குத் தெரியும். பலருக்குச் சில அமர்விலேயே வந்துவிடுகிறது. புதுக் குரலோடு நண்பர்கள் முன்னால் போவதற்குத்தான் அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

தைராய்டு அறுவைக்குப் பிறகு மூன்று மாதமாகக் குரலில் காற்றுதான் வருகிறது. தண்ணீர் குடித்தால் இருமல்.

குரல் நாணுக்குப் போகும் நரம்பு தைராய்டை உரசிக்கொண்டுதான் ஓடுகிறது. அது அடிபட்டால் அந்தப் பக்க நாண் அசையாது, இரண்டும் சேராமல் இடைவெளி வழியே காற்று கசியும். நரம்பு வெட்டுப்படாமல் நசுங்கியிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள் தானாகத் தேற வாய்ப்பு உண்டு. அதுவரை சும்மா இருக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அசையாத நாணை நடுவுக்குத் தள்ளிவைக்கத் தற்காலிகமாகக் கரையும் ஜெல் ஊசி இருக்கிறது, குரலும் விழுங்குவதும் தேறும். நரம்பு தேறாவிட்டால் நிரந்தரமாகத் தள்ளிவைக்கும் தைரோபிளாஸ்டி என்ற அறுவை சிகிச்சை.

கைவைத்தியம் ஏதாவது?

விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது, தொட்டால் புரையேறும். ஆவி பிடித்தால் ஈரம் அங்கே போகும், கரகரப்புக்கு இதம். டிஸ்டோனியாவுக்கு அதுவும் மருந்தில்லை.

வேலைக்கு நேர்காணல் வருகிறது. போன் என்றாலே உடம்பு நடுங்குகிறது.

போன்தான் நம் எல்லோருக்கும் எமன். எதிராளிக்கு நம் முகம் தெரியாது, லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார். என் பெயர் வேறு உயிரெழுத்தில் தொடங்குகிறது. ஒருமுறை "ஆ... ஆ..." என்று நின்றதைக் கேட்டு, அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார் எதிர்முனை ஆள்.

அன்றிலிருந்து முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன்: "குரலில் ஒரு கோளாறு, பேச்சு விட்டுவிட்டு வரும், பொறுத்துக்கேளுங்கள்." சொன்ன பிறகு பாதி இறுக்கம் விட்டுப்போகிறது, மறைக்கும் வேலை மிச்சமாகிறதல்லவா. "ஆமா"வுக்குப் பதில் "சரி", "இல்லை"க்குப் பதில் "கிடையாது" என்று மாற்றிப் பேசுவேன், எனக்கு அவை சுலபம். நேர்காணலை நேரில் வைக்கக் கேளுங்கள், ஊசி போடுபவராக இருந்தால் நல்ல வாரங்களில் தேதி விழும்படி பாருங்கள். டயான் ரெஹம் என்ற அமெரிக்க வானொலித் தொகுப்பாளருக்கு 1998இல் இதே நோய் உறுதியானது. ஊசி போட்டுக்கொண்டே 2016வரை நிகழ்ச்சி நடத்தினார். குரலே தொழிலாக இருந்தவர்.

என் மனைவிக்கு இந்த நோய். அவள் திணறும்போது வாக்கியத்தை நான் முடித்துவைக்கலாமா?

அவரிடமே கேட்டுவிடுங்கள். எனக்குப் பிடிக்காது, என் கணவர் முடித்துவைக்கும் வாக்கியம் பாதி நேரம் நான் சொல்ல வந்ததே இல்லை. காத்திருங்கள், முகத்தைப் பாருங்கள், உதட்டைப் பார்க்காதீர்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள், பதில் சொல்ல அவர் கத்த வேண்டியிருக்கும். பேச உட்காரும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.