சோபா வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

இடம் குறைவான வீட்டை எப்படி அமைப்பது என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அறையின் அளவை எழுதி அனுப்பியவர்களுக்குத்தான் முதலிடம், ஏனென்றால் அளவு தெரியாமல் இந்த விஷயத்தில் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. இரண்டு 10 அடிச் சுவர்களிலும் சரியாக நடுவில் கதவு, ஒன்று வாசல், இன்னொன்று உள்ளே போகிற வழி. எல் வடிவ சோபாதான் வேண்டும் என்கிறார் கணவர். அடைசலாகிவிடும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

இந்த ஹாலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. எல் வடிவ சோபாவில் காலை நீட்டிச் சாய்கிற சுகம் வேறு எதிலும் வராது, அவர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கணக்கு இடிக்கிறதே. பத்தடிச் சுவரின் நடுவில் மூன்றடிக் கதவு என்றால் அதன் இருபுறமும் மூன்றரை அடி சுவர்தான் மிஞ்சும். எல் சோபாவின் குட்டைக் கை ஐந்து அடிக்குக் குறைந்து வருவது அபூர்வம், அது நேராகக் கதவுக்கு முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும், கையில் தட்டோ துணி மூட்டையோ இருந்தால் இன்னும் கஷ்டம்.

நான் எப்போதும் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்றுதான். அடிக்கடி போய்வருகிற வழிக்கு இரண்டரை அடி, முடிந்தால் மூன்றடி விட்டுவிடுங்கள், மிச்சம் இருக்கிற இடம்தான் சாமானுக்கு. உங்கள் ஹாலில் அந்த வழி கதவுக்குக் கதவு நடுவில் நேர்கோடாகப் போகிறது. அதனால் ஒரு நீளச் சுவரை ஒட்டி மூன்றடிக்கு மேல் ஆழம் போகாத நேர் சோபா, எதிர்ச்சுவரில் ஒன்றேகால் அடி ஆழத்தில் டிவி அலமாரி, அதன் பக்கத்து மூலையில் லேசாகத் தூக்கி நகர்த்தக்கூடிய ஒற்றை நாற்காலி ஒன்றோ இரண்டோ. நடுவில் டீப்பாய் வேண்டாம். காபி டம்ளர் வைக்கத்தானே, சோபாவின் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்டூல் போதும், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்கிற ஸ்டூல்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. காலை நீட்ட வேண்டுமே என்று கணவர் கேட்பார். அதற்கு ஒரு மெத்தை ஸ்டூல் வாங்குங்கள், வேண்டும்போது முன்னால் இழுத்துக்கொண்டு மற்ற நேரத்தில் ஓரமாகத் தள்ளிவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, சோபாவின் நீள அகலத்துக்கு அப்படியே வெட்டித் தரையில் விரியுங்கள். இரண்டு நாள் அதை மிதிக்காமல் வீட்டில் எல்லோரும் நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறது, எந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை, பிளக் பாயிண்ட் எங்கே மறைகிறது, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும், கணவரோடு விவாதிக்கவும் வேண்டியிருக்காது. வாசல் கதவு, லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், இந்த மூன்றையும்கூட அளந்துவிடுங்கள். ஹாலுக்குப் பொருந்துகிற சோபா படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போவது சர்வசாதாரணமாக நடக்கிறது. காலும் கையும் கழற்றி மாட்டுகிற மாடலா என்றும் கேளுங்கள். தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் கால் உயர்த்திய சோபாவாக இருந்தால் அடியில் தரை தெரியும், அறை கொஞ்சம் விசாலமாகத் தோன்றும், துடைப்பமும் உள்ளே போகும்.

கேள்வி: வெள்ளை பெயின்ட் அடித்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடித்தோம், அப்படி ஒன்றும் தெரியவில்லையே?

வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் திருப்பி அனுப்ப முதலில் வெளிச்சம் வர வேண்டும் இல்லையா? ஜன்னல் சிறியதாக இருந்து கூரையில் ஒரே ஒரு டியூப்லைட் எரிகிற அறையில் வெள்ளை மங்கிப்போய்ச் சாம்பல் மாதிரிதான் தெரியும். மூலைகள் இருட்டாக இருந்தால் அறை அங்கேயே முடிந்துவிட்டதுபோல் கண்ணுக்குப் படும். ஒரு மூலையில் நிற்கும் விளக்கு, இன்னொரு பக்கம் சுவர் விளக்கு என்று வெளிச்சத்தைப் பிரித்து வையுங்கள். பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அதுதான் ஏற்றது. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, அதில் உட்கார்ந்தால் ஆபீஸில் இருப்பது போலவே இருக்கும். ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

அப்புறம் திரைச்சீலை. கம்பியை ஜன்னல் சட்டத்தை ஒட்டி மாட்டாமல் முடிந்தவரை கூரைக்குப் பக்கத்தில் மாட்டி, இருபுறமும் ஆறு முதல் எட்டு அங்குலம் வெளியே நீட்டிவிடுங்கள். விலக்கும்போது துணி சுவரின் மேல் போய் ஒதுங்கும், கண்ணாடி முழுதும் வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும். பெயின்டைவிட இது கொடுக்கிற வித்தியாசம் பெரியது என்பது என் கருத்து. பளபளப்பு பெயின்ட் வேண்டாம், சுவரின் மேடு பள்ளத்தை எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: பெரிய கண்ணாடி மாட்டினால் இடம் கூடுதலாகத் தெரியுமா?

தெரியும், ஜன்னலுக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ மாட்டினால். மாட்டும் முன் அந்த இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள், துணி காயும் ஸ்டாண்டும் செருப்பு அலமாரியும் கண்ணில் பட்டால் கண்ணாடியில் அவை இரண்டு மடங்காகும்.

கேள்வி: படுக்கையறை 10 அடிக்கு 9 அடி. குயின் சைஸ் கட்டில், துணி அலமாரி இரண்டும் வைக்க முடியுமா? அடியில் சாமான் வைக்கிற கட்டில் வாங்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஒரே ஒரு விதத்தில்தான் ஓரளவு சரியாக வரும். மெத்தை மட்டும் ஐந்தடிக்கு ஆறரை அடி. தலைமாட்டை 9 அடிச் சுவரில் வைத்தால் கால்மாட்டில் மூன்றரை அடிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். உடைகளைத் தொங்கவிட அலமாரிக்கு இரண்டடி ஆழம் வேண்டும், அதை அங்கே வைத்தால் நிற்க ஒன்றரை அடிகூடக் கிடைக்காது, கதவையும் திறக்க முடியாது. அதற்குப் பதில் 10 அடிச் சுவர் ஒன்றில் அலமாரி, எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில் கட்டில். நடுவில் ஏறக்குறைய இரண்டடி கிடைக்கும். அலமாரிக்குத் தள்ளு கதவு கட்டாயம். இதில் ஒரு குறை இருக்கிறது, சுவரோரம் படுப்பவர் ராத்திரி எழுந்தால் கால்மாடு வழியாகத்தான் இறங்க வேண்டும். அது சரிப்படாது என்றால் நாலரை அடியோ நாலடியோ அகலமுள்ள கட்டிலுக்கு மாறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடியில் சாமான் வைக்கிற கட்டில் நல்ல யோசனை. ஆனால் பக்கவாட்டு டிராயர் வேண்டாம், முழுதாக இழுத்தால் அந்த இரண்டடி வழியும் அடைந்துவிடும். மேலே தூக்கித் திறக்கிற ஹைட்ராலிக் வகைதான் உங்களுக்கு. கடையில் வெறும் பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள், அதில் ஏமாறாமல், நீங்கள் வாங்கப்போகிற அதே எடையுள்ள மெத்தையை மேலே போடச் சொல்லி வீட்டிலேயே பலம் குறைந்தவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டில் செய்ததைத் தவிர்க்கலாம், ஈரம் பட்டால் ஊதிவிடும், ஸ்க்ரூவை ஒரு தடவை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். பிளைவுட் விலை கூடுதல்தான், ஆனால் வீடு மாறும்போது அதன் அருமை தெரியும். அடியில் போர்வை, பெட்டி, எப்போதாவது எடுக்கும் சாமான் மட்டும் வையுங்கள், அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள், இல்லாவிட்டால் துணியெல்லாம் முடை நாற்றம் வரும்.

கேள்வி: அப்பா அம்மா வந்தால் படுக்க இடமில்லை. ஹாலில் சோபா கம் பெட் போடலாமா?

போடலாம், ஆனால் அவர்களை மனதில் வைத்து வாங்குங்கள். இப்படிப்பட்ட சோபாக்கள் பல தாழ்வாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள். உட்காருகிற உயரம் 17, 18 அங்குலம் இருக்கட்டும், பிடித்து எழக் கை இருக்கட்டும். விரித்த நிலையில் என்ன நீளம் என்று அளந்துகொள்ளுங்கள், அதைத் தாண்டி பாத்ரூம் போக வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெத்தையின் நடு மடிப்பு முதுகில் உறுத்துகிறதா என்று கடையிலேயே படுத்துப் பார்த்துவிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அலங்காரமே செய்ய முடியாதா?

நிறைய செய்யலாம். படங்களை மாட்டியே ஆக வேண்டுமா, அலமாரியின் மேல் சாய்த்து வைத்தாலும் அழகுதான். இரண்டு சுவருக்கு நடுவே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிற கம்பிகள் இருக்கின்றன, லேசான திரைக்குப் போதும். ஒட்டும் ஹூக்கை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்கிற சுவராக இருந்தால் அது நிற்காது, நின்றாலும் கழற்றும்போது பெயின்டை உரித்துக்கொண்டு வரும். கதவுக்குப் பின்னால் தெரியாத இடத்தில் ஒன்றை ஒட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றது. நல்ல தரைவிரிப்பு, ஒரு விளக்கு, மெத்தை உறை, இவை மூன்றும் அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும், பணத்தை அதில் போடுங்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் பேசி அனுமதி வாங்கிவிடுங்கள். உயரமான புத்தக அலமாரியையும் டிராயர் வைத்த பீரோவையும் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு இணைக்க வேண்டும். குழந்தை டிராயரை இழுத்து அதில் கால் வைத்து ஏறினால் அப்படியே மேலே சாயும். காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துப் பெயின்ட் தொட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் உயரமான சாமான் எதுவும் அந்த வீட்டில் வேண்டாம், குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத, அகலமான அலமாரியாகப் பார்த்து வாங்குங்கள்.