ஆல்டேர் 8800: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: முதல் பெர்சனல் கம்ப்யூட்டர் ஆல்டேர்தானா?

இல்லை. 1971-லேயே அமெரிக்காவில் ஜான் பிளாங்கன்பேக்கரின் கென்பாக்-1 வந்துவிட்டது. அதில் மைக்ரோபிராசசரே (ஒரே சிப்பில் அடங்கிய கம்ப்யூட்டர் மூளை) கிடையாது. 1973-இல் பிரான்சில் இன்டெல் 8008 மைக்ரோபிராசசர் வைத்த மிக்ரால் என் வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனது 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' அட்டையில் வந்த ஆல்டேர்தான். முக்கியக் காரணம் விலை. ஆல்டேரின் மூளையான இன்டெல் 8080 சிப்பின் பட்டியல் விலை 360 டாலர். அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் ஆல்டேரைத் தயாரித்த மிட்ஸ் நிறுவனத்தை நடத்திய எட் ராபர்ட்ஸ் அதை மொத்தமாக 75 டாலருக்குப் பேசி வாங்கினார். அதனால் முழு கிட்டையும் (வாங்கியவரே பொருத்திக்கொள்ளும் பாகத் தொகுப்பு) 397 டாலருக்கு அறிவிக்க முடிந்தது.

கேள்வி: கீபோர்டு இல்லை, திரை இல்லை, 256 பைட் மெமரி. அதில் என்னதான் செய்தார்கள்?

ஸ்விட்சைத் தட்டித் தட்டி புரோகிராம் ஏற்றினார்கள். இரண்டு எண்களைக் கூட்ட 14 பைட் போதும். ஆக்டலில் (0 முதல் 7 வரை மட்டும் வரும் எண்முறை):

072 200 000 107 072 201 000 200 062 202 000 303 000 000

முதலில் ரீசெட். 072 என்பது பைனரியில் 00 111 010. வலது ஓர எட்டு ஸ்விட்சுகளில் (ஏ7 முதல் ஏ0 வரை) ஏ5, ஏ4, ஏ3, ஏ1 மேலே, மற்றவை கீழே. டெபாசிட் ஸ்விட்சை மேலே தட்டுங்கள். அடுத்த பைட்டிலிருந்து அதே ஸ்விட்சைக் கீழே தட்ட வேண்டும். அதுதான் டெபாசிட் நெக்ஸ்ட். மறந்து மேலே தட்டினால் முந்தைய பைட் அழிந்துவிடும். பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். பிறகு ஸ்விட்சுகளில் முகவரி 200 வைத்து எக்ஸாமின் ஸ்விட்சைத் தட்டி (அந்த முகவரிக்குப் போய் அங்கே உள்ளதைக் காட்டும்) 3-ஐ டெபாசிட் செய்யுங்கள், 201-இல் 5. ரீசெட், ரன். கடைசி மூன்று பைட் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவதால் அது தானாக நிற்காது, ஸ்டாப் கொடுங்கள். 202-ஐ எக்ஸாமின் செய்தால் டேட்டா விளக்கு வரிசையில் டி3 மட்டும் எரியும். அதுதான் 8. கரண்ட் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

கேள்வி: பழைய ஆல்டேர் போர்டுகளைச் சேர்க்கிறேன். பவர் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், அண்ணா?

எல்லா கார்டையும் கழற்றிவிட்டு, பஸ் (எல்லா கார்டையும் இணைக்கும் பொது வழி) கனெக்டரின் 1, 2-ஆம் பின்களுக்கு நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 8 வோல்ட், அடுத்ததில் 16. அங்கே துளி ஈயம் ஒட்டியிருந்தால் 16 வோல்ட் எல்லா கார்டிலும் உள்ள 5 வோல்ட் ரெகுலேட்டருக்குப் பாயும். அடுத்து சிபியு கார்டில் 8080-ஐப் பொருத்தாமலே சாக்கெட்டில் +5, +12, -5 வோல்ட் மூன்றும் வருகிறதா என்று அளந்து பாருங்கள். -5 இல்லாமல் +12 மட்டும் போனால் சிப் கெட்டுவிடும். இந்த ஒன்றில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

கேள்வி: பேசிக் புரோகிராமிங் மொழியை ஓட்ட என்ன வேண்டும்?

4கே மெமரி, சீரியல் கார்டு, டெலிடைப் (கீபோர்டும் பிரிண்டரும் காகித நாடா ரீடரும் சேர்ந்த இயந்திரம்). நொடிக்கு 10 எழுத்து வேகத்தில் காகித நாடாவைப் படிக்கவே ஏறக்குறைய ஏழு நிமிடம். அதற்கும் முன்னால் நாடாவை மெமரியில் ஏற்றும் சிறு புரோகிராமான லோடரை ஸ்விட்சில் போட்டாக வேண்டும்.

கேள்வி: மிட்ஸின் 4கே டைனமிக் மெமரி கார்டு வாங்கலாமா?

ஓட்டுவதற்கென்றால் வேண்டாம். அந்தக் காலத்திலேயே அது நிலையாக வேலை செய்யாததால்தான் பிராசசர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஸ்டாட்டிக் மெமரி கார்டுகள் விற்றன. 2102 ஸ்டாட்டிக் மெமரி சிப் வைத்த கார்டைத் தேடுங்கள்; 4கே-வுக்கு 32 சிப். கரண்ட் அதிகம் இழுக்கும், ஆனால் டைனமிக் மெமரியைப் போல அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ரெஃப்ரெஷ் தொல்லை கிடையாது.